நெட்டையின் ஆறு பாகம்

கையை இரண்டு பக்கமும் அகல விரித்தால், ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை ஒரு பாகம். எங்கள் கரையில் கடலின் ஆழத்துக்கும் அதுதான், கயிற்றின் நீளத்துக்கும் அதுதான், படகுக்குத் தைக்கிற பாயின் உயரத்துக்கும் அதுதான். எனக்குக் கயிற்றுக்கடை. நானும் பாகக் கணக்கில்தான் விற்கிறேன். என் கை குட்டை என்று கரையில் நாலு பேர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கையைக் கொடுத்தது கடவுள். புகாரை அங்கே போய்ச் சொல்லட்டும் என்று விட்டுவிடுவேன்.

என் கடையை ஒட்டி இருப்பது பாய் தைக்கிற கொட்டகை. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அதிலும் ஒரு பலகை என்றைக்கோ பெயர்ந்துபோய்விட்டது. அந்தப் பக்கம் பேசுவதெல்லாம் என் காதில்தான் வந்து விழும். ஒட்டுக்கேட்கிறேன் என்று என் மனைவி சொல்லுவாள். கண்ணுக்கு இமை இருக்கிறது, காதுக்கு எங்கே இருக்கிறது?

கொட்டகைக்காரரைக் கரையே பாய்க்காரர் என்றுதான் கூப்பிடும். எனக்கு அவர் அண்ணன், அவர் மனைவி அண்ணி. வெட்டுவது அண்ணன் வேலை, தைப்பது அண்ணி வேலை. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். பாய் வேண்டுமென்று யாராவது வந்து சொன்னால் அண்ணன் அவர்கள் படகுக்குப் போவார். பாய்மரத்தின் உச்சியிலிருந்து ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு, அதைக் கை விரித்து அளப்பார். பாயின் அடியை இழுத்துப் பிடிக்கிற குறுக்குக்கழியையும் அப்படியே அளப்பார். பிறகு வாய்க்குள் எண்ணிக்கையை முனகிக்கொண்டே திரும்பி வருவார். வழியில் யார் நலம் விசாரித்தாலும் பதில் வராது. கொட்டகைக்கு வந்ததும் துணியை உருட்டி விரித்து, அதே கையை விரித்து, அதே எண்ணிக்கையை எண்ணிக் கத்தரியை எடுத்துவிடுவார். துளிகூடப் பிசகியதில்லை. தச்சர் ஒருமுறை தன்னுடைய இரும்பு அளவு நாடாவை இரவல் தருவதாகச் சொன்னபோது அண்ணனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே.

"உப்புக்காத்துல அது ஒரு மாசத்துல துரு பிடிச்சிடும். என் கை துரு பிடிக்குமாய்யா?"

துரு பிடிக்கவில்லை, ஒடிந்துவிட்டது. கூரைத் தகரத்தைச் சரிசெய்ய ஏறியவர் ஏணியோடு சாய்ந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்தது. வைத்தியர் வலது கையை மடக்கி மார்போடு சேர்த்துக் கட்டிவிட்டு, தான் சொல்கிற வரை கட்டைத் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

விழுந்தாரே விழுந்தார், பார்த்து ஒரு நேரத்தில் விழுந்தார். காற்றுக்காலம் தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. காற்று திரும்புவதற்குள் படகுகளுக்குப் புதுப் பாய் ஏறிவிட வேண்டும். வருஷம் முழுக்க அந்த வீட்டில் அடுப்பு எரிவது இந்த வேலையால்தான். படகுக்காரர்கள் வழக்கம்போல் வந்தார்கள். அண்ணன் மார்பில் கட்டியிருந்த கையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர்களில் மூத்தவருக்கு முணுமுணுப்பு என்று பட்டப்பெயர். கரையில் அதிகப் படகு அவருக்குத்தான். எதையும் நேராகச் சொல்ல மாட்டார். பக்கத்தில் இருக்கிறவனிடம் சொல்வதுபோல முணுமுணுப்பார், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்.

"வெட்டப்போறது யாராம்?" என்றார் தூணைப் பார்த்து.

"நான்தான்," என்றாள் அண்ணி. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"தைக்கிறது வேற, வெட்டுறது வேற. தச்சதைப் பிரிச்சுத் தைக்கலாம். வெட்டினதை ஒட்டவா முடியும்? அந்தக் கரையில ஒருத்தன் தைக்கிறானாம். தூரம்தான். என்ன பண்றது."

"அவ எத்தனை வருஷமா என் கூட இருக்கா! நான் வெட்டுறதைப் பாத்துக்கிட்டேதானே இருக்கா?" என்றார் அண்ணன்.

"பாத்தா மட்டும் போதுமா? நான்கூடத்தான் தினமும் கடலைப் பாக்கறேன். மீனாவா ஆயிட்டேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்போது வாசலில் குனிந்து நுழைந்தான் நெட்டை. அவன் எங்கே போனாலும் குனிந்துதான் நுழைய வேண்டும். கரையிலேயே உயரமான ஆள். ஒரே ஒரு படகு வைத்திருக்கிறான், அதன் பாயோ கந்தல்.

"எனக்கு நீங்களே வெட்டிக் குடுங்கக்கா," என்றான். "துணி வாங்கிப் போட்டுட்டேன். கொஞ்சம் கூடவே வாங்கியிருக்கேன். குறைஞ்சா இந்தக் காத்துக்கு வேற துணி வராது, பாத்துக்கங்க."

முணுமுணுப்பு தாடியைத் தடவினார். "சரி, இவன் பாய் ஏறட்டும். அதைப் பாத்துட்டு நாங்க சொல்றோம்," என்று தூணிடம் சொல்லிவிட்டு எழுந்தார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

ஆக, ஒரே ஒரு பாய். அது ஒழுங்காக ஏறினால் கரை முழுவதும் அண்ணியிடம் வரும். ஏறாவிட்டால் கொட்டகையைப் பூட்டிச் சாவியைக் கடலில் எறிந்துவிட வேண்டியதுதான்.

மரம் ஏறி அளக்க அண்ணியே கிளம்பினாள். அண்ணன்தான் விடவில்லை. "நீயும் விழுந்து வச்சா எனக்குச் சோறு யாரு போடறது? அவனே அளந்து சொல்லட்டும். எண்ணத் தெரியாதா அவனுக்கு?" என்றார். நெட்டை போய் அளந்து வந்து சொன்னான்.

"மரம் ஆறு பாகம். கழி நாலு பாகம். சுத்தமா இருக்கு, கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன்பே துணியை விரித்துவிட்டார்கள். நானும் கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்து நின்றேன். கட்டிலில் உட்கார்ந்தபடி அண்ணன் அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார். அண்ணி துணியின்மேல் மண்டியிட்டுக் கையை விரித்தாள்.

"நல்லா விரி," என்றார் அண்ணன்.

"இதுக்கு மேல விரிச்சா பறந்துதான் போகணும்."

"கடைசி விரல் வரைக்கும் நீட்டு. மடங்கக் கூடாது."

"ஏங்க, உங்க வாய்க்கும் சேத்துக் கட்டுப் போட்டுவிடச் சொல்லி வைத்தியர்கிட்டக் கேட்டிருக்கணும்."

ஆறு பாகம் எண்ணினாள். நாலு பாகம் எண்ணினாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். கத்தரி துணியில் இறங்கியபோது அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கத்தரியை வேறொரு கையில் அவர் அதுவரை பார்த்ததில்லை.

பாய்த்துணி தைப்பது சட்டை தைப்பது போல அல்ல. துணி பலகை மாதிரி விறைப்பாக இருக்கும். நூலில் தேன்மெழுகு தடவ வேண்டும். ஊசியைத் தள்ள உள்ளங்கையில் தடித்த தோல்பட்டை மாட்டிக்கொள்ள வேண்டும். அதையும் மீறிக் கை வெடிக்கும். அண்ணி விரல் வெடிப்பில் மெழுகையே வைத்து அடைத்துக்கொண்டு தைத்தாள். இடையில் பொரித்த மீனும் ரொட்டியும் சாப்பிடுவாள், பாலில்லாத தேநீரை ஒரே மடக்கில் குடிப்பாள், மறுபடி உட்கார்ந்துவிடுவாள். பாய் முடிந்தபோது துணிச் சுருள் ஒன்று பெரிதாக மிஞ்சிக் கிடந்தது.

"பாத்தியா தம்பி," என்று அண்ணன் என்னிடம் பெருமையடித்தார். "நான் வெட்டினா இவ்வளவு மிஞ்சாது. பொம்பளை கை சிக்கனம்னா சிக்கனம்தான்."

சிக்கனத்தின் லட்சணம் பாய் ஏறிய அன்றைக்குத் தெரிந்தது.

கரையில் நல்ல கூட்டம். நெட்டை கயிற்றை இழுத்தான். பாய் ஏறியது, ஏறியது, நின்றுவிட்டது. மேல் மூலை மரத்தின் உச்சிக்கு வெகுதூரம் கீழேயே நின்றது. அடி மூலையை இழுத்துக் கழியின் முனையில் கட்டப் பார்த்தான், அதுவும் எட்டவில்லை. அப்பாவுடைய கால்சட்டையைப் போட்டுக்கொண்ட பிள்ளையைப் பார்த்திருக்கிறோம். இங்கே பிள்ளையின் கால்சட்டையை அப்பா போட்டுக்கொண்டு நின்றார்.

"அக்கா, பாய் துவைச்சதுல சுருங்கிடுச்சா?" என்று ஒருவன் கத்தினான்.

"கைக்குட்டைக்கு எதுக்குய்யா மரம்?" என்றான் இன்னொருவன்.

முணுமுணுப்பு ஒன்றும் முணுமுணுக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவர் பேசியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு. அண்ணி அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.

பாயைச் சுருட்டிக் கொட்டகைக்கு எடுத்து வந்தோம். வந்ததும் சண்டை.

"நீ எண்ணினதுல ஒண்ணு விட்டுப்போச்சு," என்றார் அண்ணன்.

"ரெண்டு தடவை எண்ணினேன். நீங்களும்தானே கூடவே எண்ணினீங்க?"

"அப்ப இவன் தப்பா எண்ணியிருக்கான்."

"அண்ணே, நானும் ரெண்டு தடவை எண்ணினேன்," என்றான் நெட்டை. அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. "ஆறுன்னா ஆறுதான். என் படகு மேல சத்தியம்."

"எல்லாரும் சரின்னா பாய் எப்படிடா குறையும்? கடல் தின்னுடுச்சா?" அண்ணன் கட்டிலில் சாய்ந்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "போதும். ஆழம் தெரியாம காலை விட்டாச்சு. அந்தக் கரைக்காரன்கிட்டயே எல்லாரும் போகட்டும். வர்றவங்ககிட்ட நானே சொல்லிடறேன்."

"நீங்க எதுவும் சொல்ல வேண்டாம்," என்றாள் அண்ணி.

அவ்வளவுதான் சொன்னாள். பாயை விரித்துப் போட்டு அதன் எதிரில் உட்கார்ந்தாள். என் மனைவி கொண்டுபோன சூப்பு ஆறி மேலே ஆடை கட்டியது. அன்று மாலை முழுக்க நான் அந்தப் பலகை இடைவெளிப் பக்கம் போகவே இல்லை. சில நேரம் நம் காதை நாமே வெளியூருக்கு அனுப்பிவிட வேண்டும்.

காலையில் நான் கடை திறக்கும்போதே நெட்டையின் குரல் கேட்டது. அண்ணி ஆள் அனுப்பி அவனை வரவழைத்திருந்தாள்.

"மரத்துல எவ்வளவு மொட்டையா நின்னுச்சு? நினைச்சுப் பாத்துச் சொல்லு."

"நாலுல ஒரு பங்கு இருக்கும்கா."

"கழில?"

நெட்டை யோசித்தான். "அதுலயும் நாலுல ஒரு பங்குதான்."

"இதைத்தான் நான் நேத்துலேருந்து யோசிக்கிறேன்," என்றாள் அண்ணி. எழுந்து நின்றுவிட்டாள். "எண்ணுறதுல தப்பு வந்திருந்தா ஒரு பக்கம்தானே குறையும்? மரத்துல ஒண்ணு விட்டுப்போயிருக்கலாம், இல்ல கழில ஒண்ணு விட்டுப்போயிருக்கலாம். ரெண்டுலயும் ஒரே மாதிரி எப்படிக் குறையும்? பாயோட வடிவத்தைப் பாருங்க, ஒரு கோணல் இருக்கா? அம்சமா இருக்கு. சின்னதா இருக்கு, அவ்வளவுதான். அப்படின்னா எண்ணினது தப்பில்ல. எதை எண்ணினோமோ அதுதான் தப்பு."

"என்னம்மா சொல்ற நீ?" என்று அண்ணன் திரும்பிப் படுத்தார்.

"தம்பி," என்று அவள் பலகைச் சுவரைப் பார்த்துக் கூப்பிட்டாள். நான் அங்கே நிற்பது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. "கடைலேருந்து நீளமா ஒரு கயிறு எடுத்துக்கிட்டு வா."

கொண்டுபோனேன். கயிற்றின் ஒரு நுனியை நெட்டையிடம் கொடுத்து அளக்கச் சொன்னாள். அவன் கொக்கு சிறகு விரிப்பதுபோல விரித்து அளந்தான். நாலு பாகம் வந்தது. அதே கயிற்றை அண்ணி வாங்கி அளந்தாள். ஐந்து பாகம் போய் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பிறகு என்னிடம் நீட்டினாள்.

"நான் எதுக்கு அண்ணி?"

"அளப்பா."

அளந்தேன். ஐந்தரை.

நெட்டை மெதுவாக என் பக்கம் திரும்பினான். "இத்தனை வருஷமா இவன்கிட்டயா நான் கயிறு வாங்கினேன்?"

"கடவுள் குடுத்த கை," என்றேன்.

"கை நீளமா இருந்தாத்தான் திருடன்னு சொல்லுவாங்க. இங்க குட்டையா இருக்கறவன் அடிச்சிருக்கான்," என்றான். அண்ணி சிரித்தாள். முந்தின நாளிலிருந்து அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது, அதனால் நான் பொறுத்துக்கொண்டேன்.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "இது என்ன கூத்து? இத்தனை வருஷம் நான் பாகத்துல அளந்தேன், ஒரு பாய் குறைஞ்சுதா? இன்னைக்கு மட்டும் பாகம் எப்படிக் கெட்டுப்போச்சு?"

அண்ணி கட்டிலருகே போய் உட்கார்ந்தாள்.

"ஏங்க, மரத்தை அளந்தது யாரு? நீங்க. துணியை அளந்தது யாரு? நீங்க. அங்கயும் உங்க கை, இங்கயும் உங்க கை. அதான் சரியா வந்துச்சு. இந்தத் தடவை அங்க அவன் கை, இங்க என் கை. ஆறுங்கற எண்ணு மட்டும்தான் அங்கேருந்து இங்க வந்துச்சு. கை அங்கயே நின்னுடுச்சு. எதுல ஆறுன்னு யாருமே கேக்கல."

அண்ணன் தன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். அவரவர் கைக்கு எண்சாண் என்று எல்லோரும்தான் சொல்கிறோம், அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களில் ஒருவரும் யோசித்ததில்லை.

"சரி, இனி என்ன?" என்றான் நெட்டை. "எல்லாரும் என் கையால அளந்துக்கலாம். படகு என்னோடது."

"உன் கைக்கு வெட்ட நீ தினமும் கொட்டகைல வந்து நிப்பியாடா?" என்றார் அண்ணன். "என் கைதான் கரைக்கே பழக்கம். கட்டுப் பிரிக்கட்டும்."

"அதுக்குள்ள காத்து வந்து திரும்பிப் போயிடும்," என்றேன் நான். "பாகம்னா எல்லாரும் கேக்கறது என் கடைலதான். என் கையையே..."

"நீ வாயைத் திறக்காதே," என்றார்கள் மூவரும்.

அண்ணி எழுந்து கொட்டகையின் மூலைக்குப் போனாள். அங்கே உடைந்த துடுப்பு ஒன்று சாத்திக் கிடந்தது. அதன் காம்பை எடுத்து வந்து தரையில் ஊன்றினாள். அவள் மார்பு உயரம் இருந்தது.

"இது யாரு கை?" என்று கேட்டாள்.

நாங்கள் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"யாரு கையும் இல்ல. அதனாலதான் இது. ஒரு கோல்னா இவ்வளவு. நெட்டை பிடிச்சாலும் இவ்வளவுதான், குட்டை பிடிச்சாலும் இவ்வளவுதான்."

"உடைஞ்ச துடுப்பை வச்சா என் தொழிலை நடத்தப்போற?" அண்ணன் குரலை உயர்த்தினார். கோபமில்லை அது. தன் கையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டது போல இருந்திருக்கும் அவருக்கு. அந்தக் கையால்தான் அந்த வீடு நின்றது, அந்தக் கையைத்தான் கரை மதித்தது.

அண்ணி அவர் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க கை மாதிரி ஒரு கை எனக்கு இல்லங்க. யாருக்குமே இல்ல. அதுதான் இப்ப சிக்கலே. நீங்க கட்டிலை விட்டு இறங்கி வாங்க. தனியா என்னால இதைச் செய்ய முடியாது."

அவர் இறங்கி வந்தார். அப்படி வருவார் என்று நான் நினைக்கவில்லை.

கோலின் இரண்டு முனையையும் நேராக அறுத்தாள். அதன் நீளத்துக்கு ஒரு நூலை எடுத்து, இரண்டாக மடித்து அரை, நாலாக மடித்துக் கால், எட்டாக மடித்து அரைக்கால் என்று இடம் கண்டு, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் கோலில் சுட்டுக் கோடு போட்டாள். அண்ணன் இடது கையால் நூலைப் பிடித்துக்கொண்டார். பிறகு நல்ல கழி ஒன்றை அதன் பக்கத்தில் வைத்து, ஒரே அறுப்பில் அதே நீளத்துக்கு இன்னொரு கோல் வெட்டி, கோட்டுக்குக் கோடு சுட்டாள். அதை நெட்டையிடம் கொடுத்தாள்.

"இது தண்ணில ஊறினா நீண்டுடாதா அக்கா?"

"கட்டை ஊறினா பருக்கும்டா, நீளாது," என்றார் அண்ணன். "துடுப்பு தினமும் தண்ணிலதானே கிடக்கு, வளந்துக்கிட்டே போகுதா?" கொஞ்சம் பழைய அண்ணன் திரும்பி வந்ததுபோல இருந்தது.

நெட்டை கோலைத் தோளில் சாத்திக்கொண்டு போனான். அவன் போன பிறகு அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்தார். தான் ஒருநடை போய்ப் பார்த்துவரட்டுமா என்று இரண்டு தரம் கேட்டார். வேண்டாம் என்று அண்ணி தலையாட்டினாள். நெட்டை வந்து வாசலில் குனிந்தபடியே சொன்னான்.

"உச்சில கட்டுற வளையம் வரைக்கும் ஒம்பதே முக்கால் கோல். கழி ஆறரை."

அண்ணி இங்கே தைத்த பாயை இந்தக் கோலால் அளந்தாள். உயரம் ஏழரை, அடி ஐந்து. ஆக உயரத்தில் இரண்டே காலும் அடியில் ஒன்றரையும் கூட்ட வேண்டும். வடிவம் சரியாக இருந்ததால் பாயைக் கிழிக்கத் தேவையில்லை. மரத்தோரமும் அடியோரமும் கைபடாமல் இருக்க, காற்றில் தொங்குகிற அந்தச் சாய்ந்த விளிம்பில் மட்டும் பட்டை பட்டையாகத் துணி சேர்த்துக்கொண்டே போனால் போதும். அண்ணன் சிக்கனம் என்று பாராட்டிய அந்த மிச்சத் துணி, பாயில் காணாமல் போன பங்குதான் என்று அப்போது தெரிந்தது.

துணி போதுமா என்பதுதான் பயம். வெளியே வானம் வேறு நிறம் மாறிவிட்டது. காலையில் ஈரக்காற்று கரையைத் தொட்டுத் தொட்டுத் திரும்பியது. முணுமுணுப்பு மறுகரைக்கு ஆள் அனுப்பப்போகிறார் என்று பேச்சு. அண்ணி விளிம்புக் கயிற்றைப் பிரித்துப் போட்டுவிட்டுத் தைக்கத் தொடங்கினாள். முதல் பட்டை போனது. இரண்டாவது போனது. ஒவ்வொரு பட்டையும் முன்னதைவிட நீளம், ஒவ்வொன்றுக்கும் சுருள் இளைத்துக்கொண்டே வந்தது. அண்ணன் ஒற்றைக் கையால் நூலுக்கு மெழுகு தடவிக்கொடுத்தார், ரொட்டியைப் பிய்த்து அவள் வாயில் வைத்தார். வெட்டும் முன்பு ஒவ்வொரு பட்டையையும் கோல் வைத்து அவரே அளவு சொன்னார். அவள் அதையே திரும்பச் சொல்லிவிட்டுத்தான் வெட்டினாள்.

விளிம்புக்குப் புதுக் கயிறு வேண்டியிருந்தது. வாங்க வந்தபோது கையில் கோலையும் கொண்டு வந்துவிட்டாள். என் கையை விரிக்கவே விடவில்லை. நானும் விட்டுவிட்டேன். வீரத்துக்கு முன்னால் வியாபாரம் பேசக் கூடாது.

கடைசிப் பட்டைக்குத் துணியை விரித்துப் பார்த்தார்கள். ஒரே துண்டாகப் போதவில்லை. மூன்று துண்டை இணைத்தார்கள். கோல் வைத்தார் அண்ணன். மறுபடி ஒருமுறை வைத்துப் பார்த்தார்.

"என்னங்க?"

"இருக்கு," என்றார். "ஒரு விரக்கடை மிச்சம் இருக்கு."

அண்ணி தரையிலேயே மல்லாந்து படுத்து ஒரு மூச்சு விட்டாள் பாருங்கள், அது என் கடை வரைக்கும் கேட்டது.

காற்று திரும்பிய காலையில் பாயை எடுத்துப் போனோம். முன்பு வந்த கூட்டம் முழுதும் வந்திருந்தது, சிரிப்பை முன்கூட்டியே வாயில் வைத்துக்கொண்டு. முணுமுணுப்பும் வந்திருந்தார். நெட்டை கயிற்றை இழுத்தான். ஒட்டுப்போட்ட பாய்தான், புதுப் பட்டைகள் வெளுப்பாகத் தனியே தெரிந்தன. பாய் ஏறியது. முன்பு நின்ற இடத்தைத் தாண்டியது. இன்னும் ஏறியது. மேல் மூலை வளையத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அடி மூலையைக் கழி முனைக்கு இழுத்தான், அது தன் இடத்துக்குத் தானே போய் உட்கார்ந்தது. காற்று வந்து மோதியதும் பாய் ஒரு சுருக்கம் இல்லாமல் வயிறு தள்ளி நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. நான்தான் கத்தினேன். என் தொண்டை அன்றைக்குக் கிழிந்ததுதான், இன்னும் சரியாகவில்லை. அண்ணன் கண்ணைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. இருக்கிற ஒரு கையால் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணி பாயை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்துக்கு நான் அளவு சொல்லப்போவதில்லை.

படகு நகர்ந்தது. கரையில் கட்டியிருந்த மற்ற படகுகளையெல்லாம் விட்டுவிட்டு, கல் தடுப்பின் முனையைத் தாண்டி வெளிக்கடலில் ஏறியது. அங்கே போன பிறகு நெட்டை பின்பக்கம் எழுந்து நின்று, வாயைக் கையால் குவித்துக்கொண்டு ஏதோ கத்தினான். ஆளைப் போலவே குரலும் பெரிது அவனுக்கு, தெளிவாகக் கேட்டது.

"அக்கா! முன்பக்கத்துக்கு ஒரு சின்னப் பாய் வேணும்! உயரம் நாலே கால் கோல்! அடி ரெண்டரை!"

அண்ணன் பழக்கதோஷத்தில் முனகினார். "கரைக்கு வரட்டும். போய் ஏறி அளந்து பாத்துட்டு..."

"எதுக்குங்க?" என்றாள் அண்ணி. "அதான் சொல்லிட்டானே." பிறகு அவளும் கையைக் குவித்துக்கொண்டு கடலைப் பார்த்துக் கத்தினாள். "நாலே கால்! ரெண்டரை! நீ வர்றதுக்குள்ள ரெடியா இருக்கும்!"

அங்கிருந்து நெட்டை கோலைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான். கரையில் இருந்த படகுக்காரர்கள் கடலையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவரும் படகிலிருந்து இறங்கவில்லை, ஒருவரும் படகில் ஏறவில்லை, அதற்குள் ஒரு பாய்க்கு அளவு கொடுத்து வாங்கியாகிவிட்டது.

முணுமுணுப்பு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இந்த முறை தூணையும் பார்க்கவில்லை, தாடியையும் தடவவில்லை. நேராக அண்ணியின் முகத்தைப் பார்த்தார்.

"எனக்கும் ஒரு கோல் வெட்டிக் குடும்மா. என் படகு எல்லாத்தையும் அளந்துட்டு வந்து சொல்றேன்."

"தாராளமா குடுக்கறேன்," என்றாள் அண்ணி. "ஆனா அளக்கும்போது கை ரெண்டையும் மடக்கியே வச்சுக்கணும். கோல் மட்டும் பேசட்டும்."

அவர் அங்கேயே கையை மடக்கிக் காட்டினார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள்.